ஏர் ரைஃபிள் வாங்கப் போகிறீர்களா? பாகம் பாகமாகப் பாருங்கள்!

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும் இதே பிரிவில். உங்கள் வீட்டுப் பிள்ளையும் இந்தப் பயிற்சிக்குப் போகிறதா? போட்டித் தரமான துப்பாக்கி லட்சங்களில் விலை போகிறது. பணம் கொடுக்குமுன் இவற்றைக் கவனியுங்கள்.

1. முதலில் கிளப் துப்பாக்கியிலேயே பழகட்டும். பிள்ளைக்கு ஆர்வம் நிலைக்கிறதா, எந்த அளவு பொருந்துகிறது என்பது தெரிந்த பிறகு, கோச்சையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

2. 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் என்றால்தான் நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. இந்த விவரம் குறித்த ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

3. போட்டியில் 5.5 கிலோ வரை எடை அனுமதி உண்டு. அதற்காக மெலிந்த பிள்ளைக்கு அவ்வளவு கனம் வேண்டாம். கன்னம் வைக்கும் கட்டையும் தோளில் பதியும் தட்டும் நகர்த்தக்கூடியவையாக இருக்கட்டும். பிள்ளை வளர வளர மாற்றிக்கொள்ளலாம்.

4. பொருத்தம் பார்க்க எளிய வழி: பிள்ளை கண்ணை மூடி, துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்க்கட்டும். பிறகு கண்ணைத் திறந்தால் குறிபார்க்கும் துளை நேராகக் கண்ணெதிரே இருக்க வேண்டும். கழுத்தை நீட்டவோ முறுக்கவோ நேர்ந்தால் கன்னக் கட்டையின் உயரம் சரியில்லை.

5. பழைய துப்பாக்கி வாங்கினால் முதலில் காற்று சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். பொதுவாக 10 ஆண்டுதான் அதன் ஆயுள். காலாவதியான சிலிண்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

6. போட்டி ரைஃபிள் சிலிண்டர்களில் பெரும்பாலும் 200 பார் அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார்தான். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள். ஈரமில்லாத காற்றை மெதுவாக நிரப்புங்கள். ஆக்சிஜன் கூடவே கூடாது; எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் வெடித்துவிடும்.

7. காற்று கசிகிறதா என்று பார்க்க, இரவில் அழுத்தமானியின் அளவைக் குறித்து வைத்துக் காலையில் ஒப்பிடுங்கள். முள் நன்றாக இறங்கியிருந்தால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். அசல் கம்பெனி ஓ-ரிங்கையே, கையேட்டில் உள்ள பாக எண்ணைச் சொல்லி வாங்கி, தெரிந்த மெக்கானிக்கிடம் மாட்டச் சொல்லுங்கள்.

8. இலக்கின் நடுவில் உள்ள 10 புள்ளிப் பொட்டு வெறும் அரை மி.மீ. அதனால் பெல்லட்டில் (ஈயக் குண்டில்) சிக்கனம் பார்க்காதீர்கள். தலை தட்டையான பெல்லட்டே போட்டிக்கு ஏற்றது. இரண்டு மூன்று அளவுகளைச் சுட்டுப் பார்த்து, துளைகள் நெருக்கமாக விழுவதைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடித் தட்டில் உருட்டும்போது தள்ளாடி ஓடும் பெல்லட்டை ஒதுக்கிவிடுங்கள். பாவாடை போல விரிந்த அதன் பின்விளிம்பு நசுங்கியிருக்கலாம்.

9. குழலுக்குள் இரும்பு பிரஷ் விடாதீர்கள். இதற்கென விற்கும் கம்பளித் துண்டுகள் போதும்.

10. டிரிகரை மிகவும் இலேசாக வைக்கச் சொல்லிப் பிள்ளை கேட்கும். கோச் சொல்லும்வரை வேண்டாம்.

11. பெல்லட் ஈயத்தால் ஆனது. பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாடு.

12. வீட்டில் பெட்டியில் பூட்டி வையுங்கள்; பெல்லட் டப்பா வேறு அலமாரியில் இருக்கட்டும். குழலுக்குள் பாதுகாப்புக் கயிறு எப்போதும் செருகியிருக்கட்டும். சாவி பெரியவர்களிடம் இருப்பதே நல்லது. காற்றுத் துப்பாக்கிதானே என்று அலட்சியம் வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும்.