உரமும் உழவும்: மதுரைச் சமவெளியில் உரச் சந்தையின் நாளைய நிலை

முன்னுரை

ஏர் ஓட்டுவதைக் காட்டிலும் எரு இடுவது நன்று என்றும், களை நீக்கிய பின் நீர் பாய்ச்சுவதைக் காட்டிலும் பயிரைக் காப்பது நன்று என்றும் உழவு அதிகாரத்தில் வள்ளுவர் வரிசைப்படுத்திச் சொல்கிறார். அவர் காலத்து எரு உழவனின் தொழுவத்தில் பிறந்தது. அதற்கு விலைப்பட்டியல் இல்லை. இன்றைய உழவன் வயலில் இடும் உரமோ கத்தாரின் எரிவாயுவிலும், மொராக்கோவின் பாறையிலும், கனடாவின் சுரங்கத்திலும் தொடங்கிக் கடல் கடந்து வருகின்றது.

தமிழ்த்துறை மலரில் உரச் சந்தைக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போருள் மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான், திருமங்கலம், உசிலம்பட்டிப் பகுதிகளின் உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலர். நெல் விற்ற பணத்தில் கல்விக் கட்டணம் செலுத்துவோர் அவர்கள். ஆதலின் உரத்தின் விலை நம் வகுப்பறைக்கும் உரிய செய்தியே. அவ்விலை எவ்வாறு உருவாகின்றது, வருங்காலத்தில் எத்திசையில் செல்லக்கூடும், நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லே தரும் பாடம்

உரம் என்னும் சொல்லுக்கு வலிமை என்பது பொருள். நெஞ்சுரம் என்னும் வழக்கில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. பயிருக்கு வலிமை தருவதும் உரம் எனப் பெயர் பெற்றது பொருத்தமே. பயிர் வேண்டும் முதன்மைச் சத்துகள் மூன்றனுக்கும் வேளாண் தமிழ் அழகிய பெயர்களை வழங்கியுள்ளது. நைட்ரஜன் தழையை வளர்ப்பதால் தழைச்சத்து. பாஸ்பரஸ் வேர் ஊன்றவும் மணி பிடிக்கவும் துணைசெய்வதால் மணிச்சத்து. பொட்டாஷ் முற்காலத்தில் மரச்சாம்பலிலிருந்து எடுக்கப்பட்டமையால் சாம்பல்சத்து. எச்சத்து எப்பணியைச் செய்யும், எங்கிருந்து வந்தது என்பதைப் பெயரே உணர்த்திவிடுகிறது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. டி.ஏ.பி.யில் 18 பங்கு தழைச்சத்தும் 46 பங்கு மணிச்சத்தும் உள்ளன. மியூரியேட் ஆப் பொட்டாஷில் 60 பங்கு சாம்பல்சத்து. இவ்வெண்களை நினைவிற் கொண்டால் மேலே செல்வது எளிது.

எருக்குழியிலிருந்து மூட்டைக்கு

தமிழகத்தில் உரத்தொழில் புதியதன்று. 1906-ஆம் ஆண்டிலேயே இராணிப்பேட்டையில் பாரி நிறுவனத்தார் சூப்பர் பாஸ்பேட் ஆலையைத் தொடங்கினர். காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு அம்மோனியா ஆக்கும் முறையை ஜெர்மானிய அறிஞர் ஃபிரிட்ஸ் ஹாபர் 1909-இல் ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பித்தார். கார்ல் போஷ் அதனை ஆலை அளவுக்கு வளர்க்க, 1913-இல் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கிற்று. 1960-களின் நடுவில் ஐ.ஆர். 8, ஆடுதுறை 27 போன்ற நெல்வகைகள் பரவியபோது உரத்தின் தேவை பெருகியது. சென்னை மணலியில் 1971-லும், தூத்துக்குடியில் 1975-லும் யூரியா உற்பத்தி தொடங்கிற்று.

மதுரைச் சமவெளியில் இம்மாற்றத்திற்கு நீரும் துணைநின்றது. 1895-இல் பெரியாற்று நீர் கிழக்கே திரும்பியது. 1959-இல் வைகை அணை திறக்கப்பட்டது. பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகப் பாசனம் பெறும் பகுதியாயிற்று. நீர் உறுதியான இடத்தில் உழவன் துணிந்து உரத்திற்குச் செலவிட்டான். அதே வேளையில் கீதாரிகள் வயலில் ஆட்டுக்கிடை அமர்த்துதல், கோடையில் கண்மாய் வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் கொட்டுதல், கொழுஞ்சியை மடக்கி உழுதல் ஆகிய பழைய வழக்கங்கள் மெல்லக் குறைந்தன.

விலை எங்கே பிறக்கின்றது?

உரத்தின் விலையை மூன்று ஆற்றல்கள் ஆளுகின்றன. முதலாவது எரிவாயு. யூரியாவின் உற்பத்திச் செலவில் பெரும்பகுதி எரிவாயுவுக்கே செல்கிறது. தூத்துக்குடி ஆலை நாப்தாவிலிருந்து எரிவாயுவுக்கு மாறியதும் செலவைக் குறைக்கவே. இராமநாதபுரம் – தூத்துக்குடி எரிவாயுக் குழாய் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இரண்டாவது உலக அரசியல். சாம்பல்சத்து முழுமைக்கும் நம் நாடு பிற நாடுகளை நம்பியுள்ளது. மணிச்சத்துக்கு வேண்டிய பாறையும் அமிலமும் மொராக்கோ, ஜோர்டான் முதலிய நாடுகளிலிருந்து வருகின்றன. 2021 இறுதியில் சீனா உர ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டது. இவ்விரண்டும் சேர்ந்து உலக விலையை உச்சிக்கு ஏற்றின. 2025 ஜூனில் இஸ்ரேல் – ஈரான் மோதல் எழுந்தபோதும் யூரியாவின் உலக விலை உடனே உயர்ந்தது. நம் சமுதாயத்து இளைஞர் பலர் வளைகுடா நாடுகளில் உழைத்துப் பணம் அனுப்புவதை நாம் அறிவோம். அதே வளைகுடாவிலிருந்து ஓமனின் யூரியாவும் சவூதி அரேபியாவின் டி.ஏ.பி.யும் நம் வயல்களுக்கு வருகின்றன என்பதும் அறியத்தக்கது.

மூன்றாவது அரசின் மானியம். 1977-இல் ஆலைகளுக்கு ஈட்டுவிலை வழங்கும் முறை வந்தது. 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. யூரியா மட்டும் கட்டுப்பாட்டில் நின்றது. விளைவு என்ன? 1991-92-இல் தழை, மணி, சாம்பல் சத்துகளின் நுகர்வு விகிதம் 5.9 : 2.4 : 1 ஆக இருந்தது. மறு ஆண்டே அது 9.5 : 3.2 : 1 ஆயிற்று. 4 : 2 : 1 என்பதே பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவு. 2010-இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோதும் யூரியா அதற்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டது. 2022-23-இல் உர மானியம் இரண்டரை இலட்சம் கோடி ரூபாய் என்னும் அளவை எட்டியது.

ஒரு சிறு கணக்கு

மாணவர் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்த்தல் வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 2018 மார்ச் முதல் 242 ரூபாய். வேப்பெண்ணெய்ப் பூச்சும் வரியும் சேர்த்து ஏறத்தாழ 266 ரூபாய் 50 காசு. அம்மூட்டையில் உள்ள தழைச்சத்து 20.7 கிலோ. ஆக, ஒரு கிலோ தழைச்சத்து ஏறக்குறைய 13 ரூபாய். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 1350 ரூபாய். அதிலுள்ள 9 கிலோ தழைச்சத்தின் மதிப்பைக் கழித்தால் எஞ்சும் 23 கிலோ மணிச்சத்துக்குக் கிலோ ஒன்றுக்கு 53 ரூபாய்க்கு மேல் ஆகிறது. பொட்டாஷ் மூட்டை 1500 ரூபாய் என்று கொண்டாலும் சாம்பல்சத்து கிலோ 50 ரூபாய்.

விலை இவ்வாறு இருக்கையில் உழவன் எதனை மிகுதியாக வாங்குவான்? மேலூர்ப் பக்கத்து மாணவி ஒருவரின் அத்தாவிடம் இதனை வினவினோம். “யூரியா போட்டா மூணாம் நாளு வயல் பச்சை கட்டிரும், சார். பொட்டாஷ் போட்டா கண்ணுக்கு என்ன தெரியுது? விலையும் அஞ்சாறு மடங்கு” என்றார் அவர். அவர் கூற்றில் பிழையில்லை. விலை அவருக்குக் கற்பித்த பாடம் அது. ஆயினும் தழைச்சத்து மிகுந்த பயிர் சாய்கிறது. இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் அதனை நாடி வருகின்றன. பின்னர்ப் பூச்சிமருந்துக்குச் செலவிட நேர்கிறது. மலிவாக வாங்கிய யூரியாவுக்கு உழவன் இரண்டாம் முறை விலை கொடுக்கிறான். மூன்றாம் முறை அவன் மண் கொடுக்கிறது.

தட்டுப்பாடு என்னும் மறைவிலை

விலை கட்டுப்பாட்டில் உள்ள பொருளின் நெருக்கடி விலைப்பலகையில் தெரியாது. கடை வாசலில் நிற்கும் வரிசையில்தான் தெரியும். இருபோகப் பகுதி 45,041 ஏக்கரும் மத்தியகால நெல்லே நடப்பட்டதாகக் கொள்வோம். எக்டருக்கு 150 : 50 : 50 கிலோ என்னும் பொதுப் பரிந்துரைப்படி, மணிச்சத்தை டி.ஏ.பி.யாக இட்டால், ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டரை மூட்டை யூரியா வேண்டும். மொத்தம் 1,12,600 மூட்டை. அதாவது 5,000 டன்னுக்கு மேல். கால்வாயில் நீர் திறந்தபின் அனைவரும் ஏறத்தாழ ஒரே நாள்களில் நடுவதால், மேலுரமும் ஒரே வாரங்களில் தேவைப்படுகிறது. கப்பல் பத்து நாள் தாமதித்தால், தூர் கட்டும் பருவம் உழவனுக்காகக் காத்திராது.

அவ்வேளையில்தான் யூரியா கேட்டவனிடம் வேறொரு பொருளையும் சேர்த்து வாங்கச் சொல்லும் வழக்கம் தலைதூக்குகிறது. சிறு உழவனும் குத்தகைக்காரனுமே முதலில் பாதிக்கப்படுகின்றனர். சிட்டா, அடங்கல் தன் பெயரில் இல்லாத குத்தகைக்காரன் கூட்டுறவுக் கடன் பெறுவது அரிது. அவன் கடைக்காரரிடம் கடனுக்கு வாங்கி, அறுவடையில் நெல்லாகத் திருப்புகிறான். 2018 முதல் நாடெங்கும் வந்த கைரேகை இயந்திரம் விற்பனையைப் பதிவு செய்கிறதே தவிர, அவன் கடனைக் குறைப்பதில்லை.

நாளைய நிலை

இனி வரும் ஆண்டுகளின் போக்கை ஓரளவு உய்த்துணரலாம். யூரியாவில் நாடு தன்னிறைவை நோக்கி நகர்ந்துள்ளது. இராமகுண்டம், கோரக்பூர், பரௌனி, சிந்திரி ஆகிய இடங்களில் ஆலைகள் மீண்டும் இயங்கத் தொடங்கியபின், 2023-24-இல் உற்பத்தி ஏறத்தாழ 314 இலட்சம் டன்னை எட்டியது. எனினும் அவ்வாண்டும் 70 இலட்சம் டன் அளவுக்கு இறக்குமதி தேவைப்பட்டது. ஆலைகளுக்கு வேண்டிய எரிவாயுவிலும் பெரும்பகுதி வெளிநாட்டினது. 2025 ஜூலையில் சவூதி நிறுவனம் ஒன்றுடன் இந்திய நிறுவனங்கள் ஆண்டுக்கு 31 இலட்சம் டன் டி.ஏ.பி. வீதம் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துள்ளன. இது மணிச்சத்தின் வரத்தைச் சற்று உறுதியாக்கும். விலையை உறுதியாக்கும் என்று சொல்வதற்கில்லை. சாம்பல்சத்தோ உலகச் சந்தையின் அலைக்கழிப்புக்கே உட்பட்டிருக்கும்.

ஆதலின் யூரியா விலை சட்டென்று உயராது. தட்டுப்பாடு அவ்வப்போது தலைகாட்டும். மற்ற இரண்டும் விலையில் ஏறி இறங்கும் என்பதே நாம் காணும் முடிவு. இவ்வச்சத்தால் இரசாயன உரத்தை ஒரே நாளில் கைவிடுவதும் தீர்வாகாது. இலங்கை 2021-இல் அவ்வாறு தடை விதித்து, நெல்லும் தேயிலையும் பாதிப்புற, அவ்வாண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்திக்கொண்டது நம் கண்முன் உள்ள படிப்பினை.

நாம் செய்யத்தக்கவை

உழவர் மண்ணை ஆய்வு செய்து, அதன்படி உரமிடல் முதற்படி. நெல்லுக்கு இலை வண்ண அட்டையைக் கொண்டு தேவை அறிந்து யூரியா இடலாம். தக்கைப்பூண்டு, சணப்பு, கொழுஞ்சி ஆகியவற்றை நடவுக்கு முன் மடக்கி உழுதால் தழைச்சத்தின் ஒரு பகுதி வயலிலேயே கிடைக்கும். 2024-25-ஆம் ஆண்டு தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டம் பசுந்தாள் உரத்துக்கு ஊக்கம் தருகிறது. கிடையும் வண்டலும் மீண்டும் வயலுக்கு வருமாயின் வெளிநாட்டுக் கப்பலை எதிர்நோக்கும் நாள்கள் குறையும்.

வணிகர்க்கும் ஒரு சொல். விலை ஏறும் என்று மக்களுக்குத் தேவையான பொருளைப் பதுக்குவோனைப் பாவி என்றே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். மூட்டையைப் பின்கட்டில் வைத்துக்கொண்டு ‘இருப்பு இல்லை’ என்பவர் இதனை நினைத்துப் பார்த்தல் வேண்டும். மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்றும், உழைத்து நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒன்றும் ஏழைக்கு உரியது என இஸ்லாம் வகுத்தது. உழவனின் சுமை கூடும்போது அவன் கடமையின் அளவைக் குறைத்த அறம் அது. கடனுக்கு உரம் கொடுப்போரும் அறுவடையில் நெல்லுக்கு விலை வைக்கும்போது அவ்வறத்தைக் கைக்கொள்ளலாம். ஜமாஅத் பெரியோர் தத்தம் ஊரின் குத்தகை உழவர்க்கு வட்டியில்லாக் கடனாக ஒரு போகத்து உரச்செலவை வழங்க முன்வரின், அது பேருதவியாகும்.

முடிவுரை

மாணவர்க்கு நாம் விடுக்கும் பணி எளியது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது வீட்டிலுள்ள உரமூட்டையின் மேலுள்ள எண்களைப் படியுங்கள். அது எத்தனை கிலோ தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று கணக்கிட்டு, ஒரு கிலோவின் விலையைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, உங்கள் தந்தையாரிடம் படித்துக் காட்டுங்கள். வயலின் மண் ஆய்வு முடிவு இருப்பின் அதனையும் அருகில் வையுங்கள். எதனைக் குறைப்பது, எதனைக் கூட்டுவது என்பதை அனுபவம் மிக்க அவரே முடிவு செய்வார். கற்ற தமிழ் பெற்றோரின் வயலுக்குப் பயன்படும் நாள் அதுவாகும். உழைப்போர் கை ஓங்கவும், அவர்தம் மண் வளம் குன்றாதிருக்கவும் வல்ல இறைவன் அருள்புரிவானாக.