கண்ணாடி ஜாடியும் குடியானவர் வீடும்

செய்யாறு வட்டத்தில் எந்தக் குடியானவர் வீட்டுச் சமையலறையிலும் அலமாரித் தட்டில் நாலைந்து கண்ணாடி ஜாடிகள் வரிசையாக இருப்பதைக் காணலாம். ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் காப்பித்தூள், மற்றொன்றில் எலுமிச்சை ஊறுகாய். ஹார்லிக்ஸ் கண்ணாடிப் புட்டியில் வந்த காலத்தில், காலியான புட்டியை எறிந்துவிட்ட வீடு தமிழ்நாட்டில் அரிது. இன்று பிளாஸ்டிக் டப்பாக்கள் பெருகிவிட்டன. எனினும் ஊறுகாயும் தேனும் கண்ணாடியில் வருவது நின்றுவிடவில்லை. உப்பும் புளிப்பும் உலோகத்தை அரிக்கும், கண்ணாடியை அரிக்கமாட்டா என்பதை நம் தாய்மார்கள் யாரும் கற்பிக்காமலே அறிவர். ஆகையால் ஊறுகாயைப் பற்றி நாம் இங்கே விரித்துக் கூறப் போவதில்லை.

கண்ணாடிக்கு மற்றொரு குணம் உண்டு. தன்னுள் இருப்பதை அது வெளியே காட்டும். மண்பானையும் தகர டின்னும் சாக்கும் இதைச் செய்யமாட்டா. இந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொண்டால், ஒரு காலி ஜாடி குடியானவருக்குச் சிறியதொரு பரிசோதனைக் கூடமாகவே ஆகிவிடும்.

முதலில் மண்ணை எடுத்துக்கொள்வோம். சவ்வாது மலையில் தோன்றிப் பாலாற்றில் கலக்கும் செய்யாறு, ஆண்டில் பல மாதங்கள் மணலாகவே கிடக்கும் ஆறு. ஆகவே இப்பகுதி வேளாண்மை பெரிதும் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பியே நடந்துவருகிறது. கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் எடுத்து நிலத்தில் இடுவது நம் முன்னோர் கண்ட முறை. 2017ஆம் ஆண்டு முதல், உரிய அனுமதி பெற்று விவசாயிகள் ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அரசு வழி செய்தது. மண் இலவசமேயாயினும், டிராக்டர் வாடகையும் ஏற்று கூலியும் இலவசமல்ல. பத்து நடை ஏற்றிக் கொட்டிய பிறகு, வந்தது வண்டலன்று, பெரும்பாலும் மணலே என்று தெரிந்தால் அந்தச் செலவை யார் ஈடு செய்வார்?

ஏரிக்குள் நீர் நுழையும் வாய்க்கால் முகத்தில் கனமான மணல் முதலில் படியும். நுண்ணிய வண்டலும் களியும் நீரோடு மிதந்துசென்று, ஆழமான பகுதியில் மெல்லப் படியும். ஆகையால் ஒரே ஏரியில் இடத்துக்கு இடம் மண் வேறுபடும். வண்டி கட்டுவதற்கு முன்னர், ஏரியில் மூன்று நான்கு இடங்களிலிருந்தும், மண் இடப்போகும் நிலத்தில் ஒரு சாண் ஆழத்திலிருந்தும் கைப்பிடி கைப்பிடியாக மண் எடுத்து வாருங்கள். கல்லையும் வேரையும் நீக்கி, உலர்த்தி, கட்டியில்லாமல் உடைத்துச் சலித்துக்கொள்ள வேண்டும். பக்கங்கள் நேராக உள்ள ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும், கழுத்து வரை நீரும், ஒரு சிட்டிகை சலவைத்தூளும் இட்டு, மூடி, ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். பிறகு ஆடாத இடத்தில் வைத்துவிட வேண்டும்.

ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். அதன் மட்டத்தில் ஜாடியின் மேல் ஒரு கோடு இடுங்கள். இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல். அதற்கும் கோடு. நீர் தெளியும்வரை, அதாவது ஒரு நாளோ இரண்டு நாளோ, பொறுத்திருந்தால் களி படிந்துவிடும். மொத்தப் படிவு 8 சென்டிமீட்டர், அதில் மணல் 6 சென்டிமீட்டர் என்றால், அந்த மண்ணில் முக்கால் பங்கு மணல் என்று கொள்ளலாம். களி நீரில் சிறிது உப்பி நிற்குமாதலால் இது நுட்பமான கணக்கு அன்று. ஆயினும் எந்தக் குழியிலிருந்து ஏற்றலாம், எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்ய இதுவே போதும். ஏரிக் கரையை ஒட்டித் தோண்டலாகாது என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கவனத்தில் வைத்தல் வேண்டும்.

மணிலா பயிரிடுவோருக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். இப்பகுதியார் மல்லாட்டை என்று வழங்கும் இப்பயிர் பூத்தபின், விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிப்பது. மணற்பாங்கான செம்மண்ணில் அளவாக வண்டல் சேர்ந்தால் ஈரம் தங்கும். ஏற்கெனவே களி மிகுந்த நிலத்தில் மேலும் களியைக் கொட்டினால், விழுது இறங்குவதும் கடினம், அறுவடையின்போது செடியைப் பிடுங்கினால் காய் மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணில் எந்தச் சத்துக் குறைவு என்பதை ஜாடி சொல்லாது. அதற்கு மண் பரிசோதனை நிலையத்துக்கே மாதிரி அனுப்ப வேண்டும். செய்யாற்றுப் பகுதியில் உள்ளோர் கீழ்நெல்லி வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் இது பற்றி ஆலோசனை கேட்கலாம்.

அடுத்தது தானியத்தின் ஈரம். நெல்லைக் கடித்துப் பார்த்துக் காய்ந்ததா என்று சொல்லும் பெரியவர்கள் ஊர்தோறும் உண்டு. அவர்கள் அனுபவத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் எல்லோருக்கும் அந்தப் பல் வாய்ப்பதில்லை. நன்கு உலர்ந்த ஜாடியில் கால் பங்கு தானியம் இட்டு, வறுத்து ஆறவைத்த தூளுப்பு இரண்டு மூன்று கரண்டி சேர்த்துச் சில நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றால் தானியத்தின் ஈரம் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் இருக்கிறது என்று பொருள். அதை மூட்டை கட்டினால் சூடேறிப் பூசணம் பிடிக்கும். உப்பு ஒட்டாமல் உதிர்ந்தால் ஈரம் அதற்குக் கீழ் என்று அறியலாம். உண்ணும் நெல்லுக்கு அதன் பின்னும் ஒரு வெயில் காட்டுவது நலம். விதைக்கோ பயற்றுக்கோ இந்தச் சோதனை மட்டும் போதாது, மேலும் நன்றாகக் காய வேண்டும். சோதித்த தானியத்தை மூட்டையில் திரும்பக் கொட்டாதீர்கள்.

உளுந்து, பச்சைப்பயறு, காராமணி வைத்திருப்போர் பயறு வண்டை அறிவர். இந்த வண்டு வீட்டில்தான் வந்து சேர்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அது வயலிலேயே காயின்மேல் முட்டையிட்டு, பயற்றோடு கூடவே வீட்டுக்கு வந்துவிடுகிறது. பயறு வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, ஜாடியிலிட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி, கண்ணில் படும் இடத்தில் வைத்துவிடுங்கள். முட்டை வண்டாவதற்கு வெப்பமான காலத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஜாடிக்குள் வண்டு ஊர்ந்தால், மூட்டைக்குள்ளும் அதே கதைதான் என்று உணர்ந்து உடனே செயல்படலாம். உண்ணும் பயற்றை வெயிலில் காயவைத்து, கிலோவுக்கு ஒரு சிறு கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் சமையல் எண்ணெய் பூசி வைக்கலாம். உடைத்துப் பருப்பாக்கி விட்டாலும் இவ்வண்டின் தொல்லை மிகவும் குறையும்.

வீட்டுத் தோட்டத்துக் கத்தரி, மிளகாய், வெண்டை, சுரை விதைகளைச் சேமிக்க ஜாடியை விட நல்ல பாத்திரம் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை. ஈரம் மாறாத விதையை ஜாடியில் அடைத்தால், ஈரம் வெளியேற வழியின்றி விதை சாக்கில் இருப்பதைவிட விரைவில் செத்துவிடும். முதலில் நிழலிலும், பிறகு காலை இளவெயிலிலும் உலர்த்துங்கள். சிறு துணிப்பைகளில் பெயரும் மாதமும் எழுதிய சீட்டோடு கட்டி, அடியில் பொரிந்த சூடு ஆறிய அரிசியை ஒரு முடிச்சாக வைத்து, இறுக மூட வேண்டும். அரிசி உள்ளிருக்கும் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடுமாதலால் ஜாடியைத் தாளால் சுற்றிக் குளிர்ந்த மூலையில் வைத்தல் நலம். அடுப்பங்கரை மேல்தட்டு இதற்கு ஏற்ற இடமன்று. விதைக்கும் முன் ஐம்பது விதையை ஈரத்துணியில் முளைக்கவிட்டு எண்ணிப் பாருங்கள். வெண்டையில் நூற்றுக்கு 65, கத்தரியில் 70 முளைத்தல் வேண்டும் என்பது சான்று விதைக்கு வகுக்கப்பட்ட குறைந்த அளவு. மகளிர் சுய உதவிக் குழுவினர் ஊர் விதைகளை இப்படி ஜாடிகளில் திரட்டி வைத்து, பருவத்தில் கைமாற்றாகக் கொடுத்து, அறுவடையில் இரட்டிப்பாகத் திரும்பப் பெறலாம்.

இனி எச்சரிக்கைகள். பூச்சிமருந்தை ஒருபோதும் சமையலறை ஜாடியிலோ புட்டியிலோ ஊற்றி வைக்காதீர்கள். பூச்சிமருந்து வந்த புட்டியை எத்தனை முறை கழுவினாலும் வீட்டு உபயோகத்துக்குக் கொள்ளலாகாது. தாகமெடுத்த குழந்தைக்குப் புட்டியின் வரலாறு தெரியாது. கொல்லையில் வாய் திறந்து கிடக்கும் ஜாடியில் மழைநீர் தேங்கினால் டெங்குக் கொசு முட்டையிடும். அம்முட்டை நீர் வற்றிய பின்னும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு பல மாதம் உயிரோடிருக்கும். ஆகையால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்க்க வேண்டும்.

உடைந்த ஜாடியைக் குப்பைக்குழியில் போடும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. குழியின் எருதான் வயலுக்குப் போகிறது, அந்தச் சேற்றில்தான் நம் பெண்கள் வெறுங்காலோடு நாற்று நடுகிறார்கள். சில்லுகளைச் சாக்கில் கட்டித் தனியே வைத்து, ஊராட்சியின் தூய்மைக் காவலரிடம் கண்ணாடி என்று சொல்லியே கொடுங்கள்.