இயந்திரம் வாங்குமுன் இடவேண்டிய கணக்கு

கூட்டுறவுச் சங்கத்தின் பணம் பலருடைய சிறு சேமிப்பு ஒன்றுசேர்ந்த பணம். ஒரு தனி மனிதர் டிராக்டர் வாங்கி நஷ்டப்பட்டால், அந்த நஷ்டம் அவர் வீட்டோடு நிற்கும். சங்கம் வாங்கி நஷ்டப்பட்டாலோ, நூறு வீடுகளின் பங்கு ஈவு குறையும். அடுத்த ஆண்டு பயிர்க்கடன் கொடுக்கும் சக்தியும் தளரும். ஆகவே, இயந்திரம் வாங்கும் தீர்மானம் நிர்வாகக் குழுவின் பொறுப்பு மட்டுமன்று. பேரவையில் கைதூக்கும் ஒவ்வோர் அங்கத்தினரும் அதன் கணக்கை அறிந்திருத்தல் வேண்டும்.

இப்பாடம் இன்று அவசியமாயிருப்பதற்குக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு மத்திய அரசு வேளாண் உள்கட்டமைப்பு நிதியைத் தொடங்கியது. இதன்படி 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 7 ஆண்டுகள் வரை 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. நபார்டு வங்கியின் பல்நோக்குச் சேவை மையத் திட்டத்தோடு இது சேரும்போது, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் தரவேண்டிய வட்டி 1 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இவ்வாறு தமிழ்நாட்டின் பல சங்கங்கள் டிராக்டர் முதலிய கருவிகளை வாங்கின. 2023 அக்டோபரில், தேவையற்ற கருவிகளை வாங்கும்படி சங்கங்கள் வற்புறுத்தப்படுவதாகவும் அவற்றால் நஷ்டம் நேருவதாகவும் கூறிச் சங்கப் பணியாளர்கள் பல மாவட்டங்களில் போராட்டத்தில் இறங்கினர். அவ்வழக்கின் நியாயத்தை இங்கு ஆராய வேண்டுவதில்லை. அதில் அடங்கிய வினா மட்டும் நமக்குப் போதும்: வட்டி குறைந்திருந்தால் இயந்திரம் லாபம் தருமா?

1. செலவு இருவகைப்படும்

டிராக்டரும் ரோட்டவேட்டரும் சேர்ந்து 10,00,000 ரூபாய் என்று உதாரணமாகக் கொள்வோம். 10 ஆண்டு உழைத்தபின் 2,00,000 ரூபாய்க்கு விலைபோகும் என்று வைத்துக்கொள்வோம். இங்குள்ள தொகைகள் யாவும் கணக்கு விளங்குவதற்காக எடுத்தவை. தத்தம் ஊர் நிலவரத்தை அவரவர் இட்டுக்கொள்ள வேண்டும்.

முதல்வகை நிலைச்செலவு. வண்டி ஓடினாலும் கொட்டகையில் நின்றாலும் இது விடாது. ஆண்டுத் தேய்மானம் 80,000. வட்டி, சராசரி மூலதனமாகிய 6,00,000 ரூபாய்க்கு 1 சதவீத வீதம் 6,000. காப்பீடும் கொட்டகையும் 24,000. ஓட்டுநருக்கு மாதம் 15,000 வீதம் 1,80,000. ஆக மொத்தம் 2,90,000 ரூபாய்.

இரண்டாவது வகை ஓட்டச்செலவு. மணிக்கு டீசல் 470, எண்ணெய், டயர், பழுது 130, ஆக 600 ரூபாய். வாடகை மணிக்கு 1,000 ரூபாய் என்றால், ஓடும் ஒவ்வொரு மணியும் நிலைச்செலவை அடைப்பதற்கு 400 ரூபாய் தருகிறது.

2. சமநிலை மணி

2,90,000 ரூபாயை 400ஆல் வகுத்தால் 725 வரும். ஆண்டொன்றுக்கு 725 மணி ஓடினால்தான் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதற்கு மேல் ஓடும் மணிகளே லாபம்.

இப்பொழுது வட்டியை 1 சதவீதத்திற்குப் பதிலாக 10 சதவீதம் என்று மாற்றிப் பாருங்கள். வட்டிச் செலவு 60,000 ஆகும். சமநிலை 860 மணிக்கு உயரும். ஆகவே சலுகை வட்டியினால் நாம் பெறுவது 135 மணியின் நிம்மதி. மாறாக, ஓட்டுநருக்கு மாதச் சம்பளம் நீக்கி மணிக்கு 150 ரூபாய் கூலி என்று ஏற்பாடு செய்தால், நிலைச்செலவு 1,10,000 ஆகவும், மணிக்குக் கிடைக்கும் மிச்சம் 250 ஆகவும் மாறி, சமநிலை 440 மணிக்கு இறங்கும். இங்கே குறைவது 285 மணி. எல்லோரும் பேசும் வட்டியைக் காட்டிலும், யாரும் பேசாத சம்பள ஏற்பாடு இரு மடங்குக்கு மேல் கனமுள்ளது என்பது இதனால் விளங்கும்.

வாடகை குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தல் வேண்டும். தனியார் வண்டிகளின் போட்டியால் மணிக்கு 100 ரூபாய் குறைக்க நேர்ந்தால் மிச்சம் 150 ரூபாய்தான். சமநிலை 440லிருந்து 733 மணிக்குத் தாவிவிடும். வேளாண்மைப் பொறியியல் துறை அண்மை ஆண்டுகளில் டிராக்டரை மணிக்கு 500 ரூபாய் வாடகைக்கு உழவர்களுக்கு அளித்து வந்திருக்கிறது. நம் உதாரணச் சங்கம் அந்த வாடகைக்கு ஓட்டினால், கூலியும் டீசலும்கூடக் கட்டாது. ஆகவே அருகில் துறையின் வண்டிகள் எத்தனை உள்ளன என்பதும் விசாரிக்கத் தக்கது.

3. வேலை எத்தனை மணி கிடைக்கும்?

இவ்வினாவிற்கு விடையை வண்டி விற்பவரிடம் கேட்பதில் பயனில்லை. வாய்க்காலிடம் கேட்க வேண்டும். பெரியாறு-வைகைப் பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோக நிலம் 45,041 ஏக்கர். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதியிலும், திருமங்கலம் கால்வாயிலும் உள்ள ஒருபோக நிலம் 1,05,002 ஏக்கர். இவற்றிற்கு அப்பால் திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டி வட்டாரங்களில் மழையை நம்பிய மானாவாரி நிலங்கள் பரந்து கிடக்கின்றன.

தொளியடிப்பு ஒரு போகத்திற்கு 30 நாள், நாளொன்றுக்கு 8 மணி என்று கொள்வோம். மழை, பழுது, காத்திருப்பு இவற்றிற்காகக் கால்பங்கு கழித்தால், ஒரு போகத்திற்கு 180 மணி நிற்கும். கோடை உழவுக்கும் பிற வேலைகளுக்கும் 100 மணி சேர்ப்போம். இருபோகக் கிராமத்தில் 460 மணி. ஒருபோகக் கிராமத்தில் 280 மணி.

சமநிலை 440 மணி என்று கண்டோம். இருபோகக் கிராமத்தில் ஆண்டுக்கு 5,000 ரூபாய் லாபம். ஒருபோகக் கிராமத்தில் 40,000 ரூபாய் நஷ்டம். வண்டியும் ஒன்றே, வட்டியும் ஒன்றே, நீர் வேறு.

இருபோகத்தாரும் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். அணையில் நீர் போதாத ஆண்டில் முதற்போகத்திற்கு மதகு திறப்பதில்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டதை நாம் மறக்கலாகாது. ஒரு போகம் தவறினால் இருபோகக் கிராமமும் 280 மணிக்கு வந்துவிடும். 10 ஆண்டில் 2 ஆண்டு அவ்வாறு நேர்ந்தால், 8 ஆண்டு லாபம் 40,000. 2 ஆண்டு நஷ்டம் 80,000. நல்ல ஆண்டுக்கு மட்டும் கட்டும் கணக்கு கணக்காகாது.

4. லாபம் வேறு, ரொக்கம் வேறு

460 மணி ஓடும் சங்கத்திற்கு ஏட்டில் 5,000 ரூபாய் லாபம் தெரிகிறது. ஆனால் கடன் 7 ஆண்டுத் தவணையில் திரும்ப வேண்டுமானால், ஆண்டு அசல் ஏறக்குறைய 1,43,000 ரூபாய். மணிக்கு 250 வீதம் கிடைப்பது 1,15,000. அதில் காப்பீடு, கொட்டகை, வட்டி 30,000 போக, கையில் நிற்பது 85,000. தவணைக்கு 58,000 ரூபாய் குறைகிறது! தேய்மானத்தை 10 ஆண்டுக்குப் பரப்பினோம்; வங்கியோ 7 ஆண்டில் கேட்கிறது. இடைவெளியை எதைக்கொண்டு நிரப்புவது? பயிர்க்கடன் பணத்திலிருந்து எடுப்பது சங்கத்தின் வேரில் கைவைப்பதாகும். வண்டி தன் தவணையைத் தானே கட்ட வேண்டுமானால் ஆண்டுக்கு 692 மணி ஓட வேண்டும்.

சொந்த நிதியில் வாங்கினால் தவணைத் தொல்லை இல்லை என்பர். அப்பணம் வைப்பில் இருந்தால் வட்டி ஈட்டுமல்லவா? 7 சதவீத வட்டியில் இன்றைய 100 ரூபாய் 10 ஆண்டில் ஏறக்குறைய 197 ரூபாயாகும். ஆகவே 10 ஆண்டு கழித்து வரும் 2,00,000 ரூபாய் விற்பனைத் தொகையின் இன்றைய மதிப்பு 1,00,000 ரூபாய் அளவே. தூரத்துப் பணத்தைக் கிட்டத்துப் பணமாக எண்ணுதல் கூடாது.

5. கூடி வாங்கும் வழி

ஒரு சங்கத்தால் முடியாததைப் பல சங்கங்கள் கூடிச் செய்யலாம். ஆனால் ஒரே வாரத்தில் தொளியடிக்கும் இரு கிராமங்கள் கூடிப் பயனில்லை. இருவரும் ஒரே நாளில் வண்டி கேட்பர். இருபோகச் சங்கம், கோடை மழையிலும் ஆடியிலும் உழும் மானாவாரிச் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டால், வாய்க்காலில் நீரில்லாத நாளில் வண்டிக்கு வேலை கிடைக்கும். 460 மணி போக மீதி 232 மணியை அங்கே தேட இயலுமா என்று எழுத்து மூலம் உறுதி பெற்ற பின்னரே வாங்குதல் நலம்.

வேறொரு பயனும் உண்டு. சங்க வண்டி வந்ததால் ஊரில் தனியார் வாடகை மணிக்கு 100 ரூபாய் இறங்கி, அங்கத்தினர்கள் ஆண்டுக்கு 1,000 மணி உழவு வாங்கினால், அவர்கள் கையில் 1,00,000 ரூபாய் மிஞ்சும். அதற்காகச் சங்கம் சிறு நஷ்டம் ஏற்பது தவறாகாது. ஆனால் அதைப் பேரவை அறிந்து, தொகைக்கு வரம்பு கட்டி ஏற்க வேண்டும். ஆண்டு முடிவில் தணிக்கையாளர் கண்டு சொல்லும் செய்தியாக அது வரக்கூடாது.

6. தறிக்கும் இதே கணக்கு

கைத்தறி நெசவாளர்களுக்கு மத்திய அரசின் தறி மேம்பாட்டு உதவித் திட்டத்தில், ஜக்கார்டு பெட்டி முதலிய உபகரணங்களின் விலையில் 90 சதவீதம் அரசு ஏற்று, 10 சதவீதம் நெசவாளர் செலுத்தும் முறை 2016இல் வந்தது. பத்தில் ஒரு பங்குதானே என்று கேட்பவருக்கும் மேற்சொன்ன விடையே.

மாதம் 8 சேலை நெய்தவர் புதிய உபகரணத்தால் 10 சேலை நெய்யலாம், சேலைக்குக் கூலி 1,000 ரூபாய் என்போம். மாதம் 2,000 ரூபாய் கூடுதல் வருமானம். ஆனால் அந்த 2 சேலைக்குச் சங்கம் பாவும் ஊடையும் கொடுக்க வேண்டும். நெய்ததை விற்கவும் வேண்டும். கிடங்கில் ஏற்கெனவே சரக்குத் தேங்கியிருந்தால் சங்கம் கூடுதல் பாவு கொடாது. கூடுதல் வருமானமும் இராது. இனாமாக வந்த இயந்திரத்திற்கும் இடம் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும், வேலை வேண்டும். எனினும், அதே 8 சேலையைக் கால்வலியும் தோள்வலியும் குறைந்து நெய்ய முடியுமானால், வயது முதிர்ந்த நெசவாளருக்கு அதுவே பெரும் பயன். அப்பயனைக் கருதி வாங்குவதானால், வருமானம் கூடும் என்று சொல்லாமல், அதன் பெயரைச் சொல்லியே வாங்கலாம்.

7. கைதூக்குமுன் கேட்க வேண்டியவை

(அ) நிலைச்செலவு ஆண்டுக்கு எவ்வளவு?
(ஆ) மணிக்கு, அல்லது உருப்படிக்கு, மிச்சம் எவ்வளவு?
(இ) சமநிலைக்கு எத்தனை மணி? தவணைக்கு எத்தனை மணி?
(ஈ) சென்ற 5 ஆண்டுகளில் நம் ஊரில் கிடைத்த வேலை எத்தனை மணி?
(உ) நீர் வராத ஆண்டில், அல்லது சரக்குத் தேங்கிய ஆண்டில், தவணை எங்கிருந்து வரும்?

பயிற்சி: நாற்று நடும் இயந்திரம் 3,00,000 ரூபாய், ஆயுள் 8 ஆண்டு, கடைசி மதிப்பு 60,000. சராசரி மூலதனத்திற்கு வட்டி 1 சதவீதம். காப்பீடும் கொட்டகையும் 8,200. ஏக்கருக்கு வாடகை 1,800, செலவு 1,300. கடன் 5 ஆண்டுத் தவணை. சமநிலைக்கு எத்தனை ஏக்கர்? தவணைக்கு எத்தனை ஏக்கர்? (விடை: 80, 140.) உங்கள் சங்க எல்லையில் அத்தனை ஏக்கர் இயந்திர நடவுக்கு வருமா என்பதை நிலக்கணக்கைப் பார்த்து நீங்களே எழுதிக்கொள்க.