புதியவரோடு கூடிப் பணிசெய்தல்

பொறியியற் கல்லூரியிற் சேர்ந்த நம் இல்லத்துப் பிள்ளைகள், முதலாண்டு முடியுமுன்னரே 'வடிவமைப்புப் போட்டி' என்றொரு சொல்லை வீட்டிற்குக் கொணர்கின்றனர். பாடத்தை விட்டுவிட்டு இரவு பத்து மணிவரை பட்டறையில் நிற்கின்றார்களே என்று தாய்மார் வருந்துவதும் நம் செவிக்கு எட்டுகின்றது. அப்போட்டி எத்தன்மையது, முன்பின் அறியாதாரோடு ஒரு குழுவாய் அமர்ந்து பணிசெய்வது எங்ஙனம் என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மாணவர்களே ஒரு சிறு பந்தயக் காரை வரைந்து, கட்டி, ஓட்டிக் காட்டும் போட்டி அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1981-ஆம் ஆண்டு தொடங்கிற்று. அவ்வகையான 'சுப்ரா' என்னும் போட்டி, 2011-இல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் முதன்முதலாக நடைபெற்றது. பின்னாளில் கிரேட்டர் நொய்டாவுக்கும் சென்றது. அமெரிக்கப் போட்டியின் மதிப்பெண் முறையை நோக்குக. மொத்தம் 1000. வடிவமைப்பை நடுவர்முன் விளக்குதற்கு 150. செலவுக் கணக்கிற்கு 100. ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நெடுந்தொலைவு ஓட்டத்திற்கு 275. வேகம் ஒன்றே போதும் என்று எண்ணுவோர் இக்கணக்கைக் கண்டபின் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொள்வர்.

அந்நெடுந்தொலைவு ஓட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. பாதித் தொலைவில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மூன்று நிமிடத்திற்குள் ஓட்டுநரை மாற்றி, மீண்டும் எஞ்சினை முடுக்க வேண்டும். இருக்கைப் பட்டையைப் பொருத்தியவன் ஒருவன். எஞ்சினைக் குளிர்விக்கும் குழாய்களை அமைத்தவன் இன்னொருவன். பேட்டரியையும் ஒயரிங்கையும் கவனித்தவள் வேறொருத்தி. சூடேறி நிற்கும் எஞ்சின் உடனே எழவில்லையெனில் குற்றம் யாருடையது? ஒவ்வொருவரும் தம் பகுதி செம்மையாகவே உள்ளது என்பர். அது உண்மையாகவும் இருக்கும். பகுதியும் பகுதியும் சேருமிடத்தை எவரும் தமதாகக் கொள்ளாமையே காரணம்.

காஞ்சியில் வாழ்வோர்க்கு இதனை விளக்கத் தறியைவிடச் சிறந்த சான்று வேண்டா. (பட்டுப்புழுவின் உயிர்பற்றி நம் கருத்து வேறு. இங்கு நெய்தல் நுட்பத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம்.) கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், இருபுறக் கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும். நெசவாளர் தனித்து எல்லாவற்றையும் இயக்குதல் அரிதாகையால் மறுபுறத்தில் துணையாள் ஒருவர் அமர்வார். முன்னாளில் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய சிறுவரையே அவ்விடத்தில் அமர்த்தினர் என்பது வருந்தத்தக்கது. ஒவ்வோர் ஓட்டத்திலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் இறுக்கியும் மற்றவர் தளர்த்தியும் இழுப்பின் கரை சுருங்கிவிடும். புதிய துணையாள் வந்த நாளில் தேர்ந்த நெசவாளரும் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். அவருடைய கையின் அளவு தெரியும்வரை அவ்வாறே செல்வார்.

கல்லூரிக் குழுவிலோ ஆண்டுதோறும் துணையாள் மாறுகின்றார். இறுதியாண்டு மாணவர் பட்டம்பெற்று வெளியேறுகின்றனர். இரண்டாமாண்டு மாணவர் உள்ளே வருகின்றனர். சென்ற ஆண்டு ஒரு போல்ட்டை ஏன் மாற்றினார்கள் என்பது ஒருவர் நினைவில் மட்டும் இருந்தால், அவரோடு அதுவும் வெளியேறும். நடுவர்கள் பெரும்பாலும் கேட்பது 'ஏன்' என்னும் வினாவையே. "முன்னவர் அப்படி வைத்தனர்" என்ற விடைக்கு மதிப்பெண் இல்லை. ஆகவே புதியவர்க்கு முதல் வாரத்தில் ஸ்பேனரைக் கொடுத்து ஏவுவதினும், பழைய குறிப்பேட்டைக் கொடுத்து வினா எழுதி வரச் செய்தல் நன்று. குறிப்பேடு இல்லாத குழு அன்றே ஒன்றைத் தொடங்குக.

அளவுகளையும் வாய்ச்சொல்லால் விட்டுவிடலாகாது. அமெரிக்கா செவ்வாய்க்கு அனுப்பிய ஒரு விண்கலம் 1999-இல் அழிந்த வரலாறு பலரும் அறிந்ததே. ஒரு குழுவினர் பவுண்டுக் கணக்கில் தந்த எண்களை மற்றொரு குழுவினர் நியூட்டன் கணக்கிலுள்ளவையாகக் கொண்டனர். இரு தரத்தாரும் கற்றறிந்தோரே. கேட்டுத் தெளிய வேண்டிய ஒரு சிறு வினா கேட்கப்படாமற் போயிற்று. புதியவரிடம் அத்தகைய வினாவைக் கேட்க நாணுவது இளமையின் இயல்பு. அந்நாணத்தைப் போக்குவது மூத்த மாணவரின் கடமை.

2017 முதல் மைய அரசு நடத்திவரும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானையும் இங்குக் குறிப்பிடலாம். குழுவிற்கு 6 பேர். அவருள் ஒரு பெண்ணேனும் இருத்தல் விதி. மென்பொருட் பிரிவின் இறுதிச் சுற்று 36 மணி நேரம். விதியை நிறைவேற்றவே ஒரு பெண்ணை இறுதியிற் சேர்த்து, விளக்கவுரை வாசிக்க மட்டும் நிறுத்தும் வழக்கம் தலைகாட்டுமாயின் அது அக்குழுவிற்கே இழப்பு என்போம். அறுவருள் ஒருவரின் அறிவை வாயிலிலேயே நிறுத்திவிட்டு ஐவராய் உழைப்பதில் என்ன ஆதாயம்? நம் பெண்மக்களும் "எனக்கு எப்பகுதி?" என்று முதல் நாளிலேயே கேட்டல் வேண்டும்.

ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்குத் துணைக்கருவி செய்யும் வகுப்புகளை நடத்திய ஆண்டுகளில் நாம் கண்டது ஒன்றுண்டு. தோழியரே கூடி அமைத்த குழு விரைவில் முடிக்கும். ஒருவர் சொன்னதை ஒருவர் மறுக்கமாட்டார். பிழையும் அப்படியே நின்றுவிடும். அறிமுகமற்றோர் குழு முதல் வாரம் தடுமாறும். ஆயினும் "இது ஏன் இப்படி?" என்று கேட்கும் ஒருத்தி அங்கே இருப்பாள். பெரும்பாலும் அவள் அதிகம் பேசாதவளாக இருப்பாள். பேச்சிற் சிறந்தவரே தலைமைக்கு உரியவர் என்று முதற்கூட்டத்திலேயே முடிவுசெய்தல் ஆகாது. இரண்டு வாரம் பொறுத்துத் தேர்ந்தெடுத்தல் தகும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். "உன் குழுவில் கெட்டிக்காரன் யார்?" என்று வினவாதீர்கள். "உனக்கு அடுத்த பகுதியைச் செய்பவர் யார், அவர் என்ன செய்கின்றார்?" என்று கேளுங்கள். விடை தெரியாத பிள்ளை மறுநாள் தானே சென்று கேட்டறியும்.

மாணவர்க்கு ஓர் எளிய பயிற்சி தருகின்றோம். குழுவினர் வட்டமாக அமர்க. ஒவ்வொருவரும் தம் வேலையை விடுத்து, வலப்புறம் அமர்ந்தவரின் வேலையை ஐந்து நிமிடம் விளக்குக. அதன் அளவு என்ன, எதனோடு பொருந்துகின்றது, என்று முடியும் என்பன சொல்லப்படல் வேண்டும். உரியவர் இடையிற் பேசலாகாது. நாத் தடுமாறும் இடங்களைக் கரும்பலகையில் எழுதி வைத்து, மறுநாள் வேலையை அவற்றிலிருந்து தொடங்குக.