மூன்று பகடையும் ஒரே எண்ணும்

கேள்வி: பைத்தானில் பகடை விளையாட்டு எழுதுகிறேன். '3டி6' என்றால் 3 முதல் 18 வரை ஏதாவது ஓர் எண்தானே? ஒரே வரியில் எழுதிவிடலாமே, லைப்ரரி எதற்கு?

பதில்: அந்த ஒரே வரி ஆட்டத்தையே மாற்றிவிடும். '3டி6' என்பது ஆறு பக்கப் பகடைகள் மூன்றை உருட்டிக் கூட்டுவது. மொத்தம் 216 விதமாக விழலாம். 10 வர 27 வழிகள், 18 வர ஒரே வழி. நேரடியாக ஓர் எண்ணை எடுத்தால் இரண்டுக்கும் 16-இல் 1 வாய்ப்பு. 1974-இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் பாத்திரங்களின் வலிமையும் அறிவும் மூன்று பகடைகளால்தான் முடிவாயின. மாவீரர்கள் அபூர்வமாக அமைந்தது அதனால்தான்.

பைத்தானுக்கான 'டி20' லைப்ரரியிடம் '4டி6கேஎச்3+2' என்பதை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். நான்கை உருட்டி, பெரிய மூன்றை வைத்துக்கொண்டு, 2 சேர்க்கும். கழித்த பகடையையும் காட்டும். கணக்கு கண்ணெதிரே இருப்பதால் ஆடுபவருக்குச் சந்தேகம் வராது.

நீங்களே எழுதுவதானால், பகடை எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வையுங்கள். யாராவது '99999999டி6' என்று அடித்தால் புரோகிராம் திணறிவிடும். ஆடுபவர் அடித்ததைப் பைத்தானின் 'இவால்' கொண்டு அப்படியே இயக்கவும் வேண்டாம், அது ஆபத்து.