புகையை விட்ட மூச்சு

பெங்களூர் நகரின் கிழக்குப் பகுதியில் அமைந்துள்ள அல்சூர், 1809-இல் படைமுகாம் நிறுவப்பட்ட காலந்தொட்டுத் தமிழ் மக்கள் பெருமளவில் வாழ்ந்துவரும் இடமாகும். ஏரியின் ஒரு புறம் மதராஸ் என்ஜினியர் குரூப் படைப்பிரிவின் மையம் உள்ளது. மற்றொரு புறம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும், 2009 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் உள்ளன. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள இந்நகரின் காற்று உடலுக்கு நல்லது என்ற எண்ணம் நெடுங்காலமாக நிலவி வந்தது. ஓய்வு பெற்றோர் பலர் இங்கே குடியேறியதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த எண்ணத்தை ஆட்டங்காணச் செய்த ஆய்வு ஒன்று இதே ஏரிக்கரையிலிருந்துதான் வெளிவந்தது.

ஏரியையொட்டிய லேக்சைடு மருத்துவமனையைச் சேர்ந்த குழந்தை நல மருத்துவர் எச். பரமேஷ், 18 வயதுக்குட்பட்ட 20,000 குழந்தைகளைப் பற்றிய மருத்துவமனை விவரங்களை ஐந்தாண்டுக்கு ஒரு முறை தொகுத்து ஆராய்ந்தார். 1979-இல் அவர்களிடையே ஆஸ்துமா 9 விழுக்காடாக இருந்தது; 1989-இல் அது 18.5 விழுக்காடாகவும், 1999-இல் 29.5 விழுக்காடாகவும் உயர்ந்தது. மருத்துவமனைக்கு வருவோரைக் கொண்டு எடுத்த கணக்கை நகர் முழுமைக்கும் அப்படியே பொருத்துதல் சரியன்று. எனினும் பள்ளிகளில் நடத்திய ஆய்வும் இதே திசையையே காட்டியது. போக்குவரத்து குறைந்த பகுதிப் பள்ளிகளில் 11.15 விழுக்காடும், போக்குவரத்து மிகுந்த பகுதிப் பள்ளிகளில் 19.34 விழுக்காடும் ஆஸ்துமா காணப்பட்டது. போக்குவரத்து மிகுதியோடு வறுமையும் சேர்ந்த பகுதியில் அது 31.14 விழுக்காட்டை எட்டியது. வாகனப் புகை, சிறு வீட்டின் நெரிசல், அடுப்புப் புகை, வீட்டிலுள்ள பெரியவரின் பீடிப் புகை ஆகிய யாவும் ஒன்றுகூடும் இடம் அது.

வாகனப் புகையைத் தனி மனிதர் ஒருவர் தடுத்துவிட இயலாது. ஆனால் பீடியும் சிகரெட்டும் அத்தகையன அல்ல. முக்கியமாக, மூச்சுக்குழல் ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் ஒருவர் புகைப்பதை விட்டு, விட்டபடியே நிலைத்திருப்பது எவ்வாறு என்ற கேள்வி மருத்துவத்துக்கு மட்டுமன்றிக் குடும்பப் பொருளாதாரத்துக்கும் உரியதாகும். இந்தியாவில் நாட்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய் உள்ளோர் 1990-இல் 2 கோடியே 81 லட்சம் பேர் எனவும், 2016-இல் 5 கோடியே 53 லட்சம் பேர் எனவும் 2018-இல் வெளியான நாடளாவிய மதிப்பீடு கூறுகிறது. இந்நோயால் விளையும் இழப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புகையிலையினாலும், பாதிக்கும் சற்று மேற்பட்ட பங்கு காற்று மாசினாலும் நேர்வதாக அதே மதிப்பீடு கணக்கிட்டது. எனவே மூச்சிரைப்பு உள்ள ஒவ்வொருவரையும் புகைத்தவர் என்று கருதிக் குற்றஞ்சாட்டுவது தவறு. விறகடுப்பின் முன் நாற்பதாண்டு அமர்ந்த மூதாட்டிக்கும் இதே நோய் வருகிறது.

"இனி விட்டு என்ன பயன்?"

நோய் முற்றியபின் புகைப்பவர்கள் பெரும்பாலும் எழுப்பும் வினா இது. நுரையீரல் போனது போனதுதான், எஞ்சிய நாள்களில் இந்த ஒரு சுகமாவது இருக்கட்டும் என்பது அவர்களது வாதம். இதற்கு அறிவியல் தந்துள்ள விடை தெளிவானது. 1977-இல் பிளெட்சர், பீட்டோ என்னும் இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், லண்டனில் வேலை பார்த்த ஆடவர்களை எட்டாண்டுக் காலம் தொடர்ந்து சோதித்துக் கண்ட முடிவுகளை வெளியிட்டனர். வயது ஏற ஏற எல்லோருக்கும் நுரையீரலின் திறன் சிறிது சிறிதாகக் குறைகிறது. புகையால் பாதிக்கப்படும் தன்மையுள்ளவருக்கு அது விரைந்து சரிகிறது. அவர் புகைப்பதை நிறுத்தினால் இழந்த திறன் திரும்புவதில்லை. ஆனால் சரிவின் வேகம் ஏறக்குறையப் புகைக்காதவரின் வேகத்துக்குத் தணிகிறது.

பின்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் நோயின் தொடக்க, நடுக் கட்டங்களில் இருந்த 5,887 புகைப்பவர்களைக் கொண்டு நடந்த ஆய்வு இதனை எண்களால் உறுதிப்படுத்தியது. ஆழ்ந்து மூச்சிழுத்தபின் முதல் ஒரு விநாடியில் விசையுடன் வெளிவிடும் காற்றின் அளவே இங்கு அளவுகோல். 11 ஆண்டுக் கணக்கில், தொடர்ந்து புகைத்த ஆடவர் ஆண்டுக்குச் சுமார் 66 மில்லிலிட்டர் இழந்தனர். விட்டு நிலைத்திருந்தவர் 30 மில்லிலிட்டர் மட்டுமே இழந்தனர். பத்தாண்டில் இந்த வேறுபாடு 360 மில்லிலிட்டராகிறது. மூன்று லிட்டர் உள்ளவருக்கு இது பெரிதாகத் தோன்றாமற் போகலாம். ஒரே லிட்டர் எஞ்சியுள்ளவருக்கு, தாமே குளித்து உடுத்திக்கொள்வதற்கும் பிறர் கையை எதிர்பார்ப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு அதுவே.

முதல் மாதம்

விட்டுவிடுவது ஒரு நாள் வேலை. விட்டபடி இருப்பதுதான் கடினம். நிகோடின் உடலைவிட்டு நீங்கும் முதல் சில நாள்களில் எரிச்சல், பதற்றம், உறக்கமின்மை ஆகியவை உச்சத்தை அடைகின்றன. இரண்டு முதல் நான்கு வாரங்களில் அவை பெரும்பாலும் அடங்குகின்றன. மூச்சு நோயாளிக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நிகோடின் இல்லாத பதற்றமும், மூச்சுத் திணறலின் பதற்றமும் நெஞ்சில் ஏறக்குறைய ஒன்றாகவே உணரப்படுகின்றன. திணறல் வந்ததும் 'ஒன்று இழுத்தால் சரியாகும்' என்ற பழைய எண்ணம் தலைதூக்குகிறது. முன்பு அது சரியானதற்குக் காரணம் நிகோடின் பசி தீர்ந்தமையே அன்றி மூச்சுக்குழல் திறந்தமை அன்று.

இந்நேரத்தில் செய்யத்தக்கது எளியது. நாற்காலியில் சற்று முன்சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமீது ஊன்றிக்கொண்டு, மூக்கால் மெல்ல இழுத்து, விளக்கை ஊதுவதுபோல் உதடுகளைக் குவித்து, இழுத்ததைப் போல் இரு மடங்கு நேரம் வெளிவிட வேண்டும். வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியும். குவித்த உதட்டு மூச்சு அந்நேரத்தையும் கடத்தும், திணறலையும் குறைக்கும். மருத்துவர் குறித்துத் தந்த இன்ஹேலரை அதற்குரிய முறைப்படி பயன்படுத்துவதும் இதனுடன் சேர வேண்டும். முதல் வாரங்களில் சிலருக்கு இருமலும் சளியும் கூடுவதுண்டு. புகையால் முடங்கியிருந்த மூச்சுக்குழல் நுண்மயிர்கள் மீண்டும் இயங்கிச் சளியை வெளித்தள்ளத் தொடங்குவது அதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. 'பீடியை விட்டதும் இருமல் வந்தது' என்று அஞ்சி மீண்டும் பற்றவைப்பவர் உண்டு.

பலரும் அறியாத மற்றொரு செய்தி உள்ளது. புகையிலுள்ள சில வேதிப்பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, மூச்சிரைப்புக்குத் தரப்படும் தியோபிலின் மருந்தை விரைவில் அழியச் செய்கின்றன. ஆதலால் புகைப்பவருக்கு மருந்தின் அளவு கூடுதலாகத் தேவைப்படலாம். அவர் புகையை நிறுத்தியபின் அதே அளவைத் தொடர்ந்தால் மருந்து இரத்தத்தில் மிகுந்து, குமட்டலும் நெஞ்சுப் படபடப்பும் உண்டாகலாம். நிறுத்திய செய்தியை மருத்துவரிடம் சொன்னால் அவர் அளவைத் திருத்துவார். காப்பியின் கதையும் இதுவே. காபீனும் அதே வழியில்தான் அழிகிறது. நாளுக்கு ஐந்து குவளை குடித்தவர் புகையை விட்டபின் அதே ஐந்து குவளையைக் குடித்தால் கைந்நடுக்கமும் உறக்கமின்மையும் வரும். காப்பிக் கடைகள் தெருத்தோறும் உள்ள இந்நகரில் இது சிறு விஷயமன்று. தவிர, காப்பியும் சிகரெட்டும் இணைந்தே பழகியவருக்குக் கடையின் வாசலே வேட்கையைக் கிளப்பும். சில வாரம் வீட்டில் அருந்துவது நல்லது.

உதவி கிடைக்கும் இடங்கள்

மன உறுதி ஒன்றே போதும் என்ற கருத்து பரவலாக இருப்பினும், உதவியோடு விடுபவர்களே மிகுதியாக வெற்றி பெறுகின்றனர். 2002-இல் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு நாட்டில் தொடங்கப்பட்ட 13 புகையிலை நிறுத்த மையங்களில் பெங்களூர் நிம்ஹான்ஸ் மையமும் ஒன்று. தேசியப் புகையிலை நிறுத்தத் தொலைபேசிச் சேவை 2016-இல் தில்லியில் தொடங்கியது. 2018-இல் நிம்ஹான்ஸிலும் அதன் மையம் அமைந்தபின் தமிழ் உள்ளிட்ட தென்னக மொழிகளில் ஆலோசனை கிடைக்கிறது. 1800-11-2356 என்னும் இலவச எண் 2018 செப்டம்பர் முதல் சிகரெட், பீடிப் பொதிகளின் மீதே அச்சிடப்பட்டு வருகிறது. நிகோடின் மாற்று மருந்துகள் 2022-இன் தேசிய இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றன. நிகோடின் பசையைச் சாதாரணப் பசைபோல் ஓயாது மெல்லக் கூடாது. சிறிது மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தின் உட்புறம் ஒதுக்கிவைத்து, பின்னர் மீண்டும் மெல்ல வேண்டும். இம்முறை தெரியாமல் 'பசை பயனற்றது' என்று கைவிட்டோர் பலர்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. பொது இடங்களில் புகைப்பதற்கான தடை 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ளது. கர்நாடக அரசின் திருத்தச் சட்டம் 2025-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றபின், புகையிலை வாங்கும் வயது 21 ஆக உயர்ந்தது; பொது இடத்தில் புகைப்பதற்கான அபராதம் 200 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாயிற்று. ஆனால் பெட்டிக் கடையில் ஒற்றைச் சிகரெட் கேட்பவருக்கு அது கிடைக்கும் வரை, விட்டவர் ஒருவர் வழுக்கி விழும் வாய்ப்பும் இருந்துகொண்டே இருக்கும்.

வீட்டிற்குள்

பீடியை விட்டவரின் வீடு உடனே புகையற்ற வீடாகிவிடுவதில்லை. மூடிய அறையில் ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்கு நிகராகலாம் என 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. ஏரிக்கு அருகிலுள்ள தெருக்களில் கொசுத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல முடியாது. கொசுவலை அதற்கு மாற்றாகும். ஊதுபத்தி, சாம்பிராணி, தெருமுனையில் எரிக்கப்படும் குப்பை ஆகியவையும் நொந்த மூச்சுக்குழலுக்கு ஒரே வகைப் பகைதான். மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த விடியலில் பனியோடு புகையும் தாழ்ந்து நிற்கும். அம்மாதங்களில் ஏரிக்கரை நடையை வெயில் ஏறியபின் வைத்துக்கொள்ளலாம்.

நோய் மிக முற்றி, இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 15 மணி நேரம் ஆக்சிஜன் தருவது ஆயுளை நீட்டிக்கும் என்பது 1980, 1981-இல் வெளியான இரு ஆய்வுகளால் நிலைநாட்டப்பட்டது. இக்கருவி உள்ள வீட்டில் புகைப்பது மூச்சை மட்டுமன்றி உயிரையே நேரடியாகப் பறிக்கக்கூடும். ஆக்சிஜன் ஊறிய போர்வையும் தலைமுடியும் சிறு பொறியில் பற்றிக்கொள்ளும். நோயாளி மட்டுமல்லர், பார்க்க வரும் உறவினரும் அவ்வீட்டில் தீக்குச்சி உரசலாகாது. பூஜை விளக்கையும் ஊதுபத்தியையும் வேறு அறைக்கு மாற்ற வேண்டும். சமையலறை அடுப்பிலிருந்தும் கருவியைத் தொலைவில் வைத்து, அதன் குழாய் அடுப்பருகே செல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.