கரியும் குருதியும்

விரல்நுனியில் எடுத்த ஒரு துளிக் குருதியைச் சிறு பட்டையில் வைத்தவுடன், அதிலுள்ள குளுக்கோஸின் அளவு எண்ணாகத் தோன்றுகிறது. அத்தகைய பட்டைகள் பலவற்றில் கருங்கோடாகத் தெரிவது கரியாலான மின்முனையாகும்.

முன்னாளில் மின்வேதியியலார் பாதரசத்துளி மின்முனையையே பெரிதும் நாடினர். எனினும், பாதரசம் தானே எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைவதால், பிற பொருள்களின் ஆக்சிஜனேற்றத்தை ஆராய அது உதவவில்லை. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் ஆடம்ஸ், பாதரசத்தைப் போலவே கரியையும் சொட்டச் செய்ய விரும்பினார். அது கைகூடவில்லை. ஆனால், கரித்தூளை நீரில் கரையாத நீர்மத்தில் குழைத்த பசையே சிறந்த மின்முனையாவதை அவர் 1958இல் வெளியிட்டார்.

கிராபைட்டுத் தூளைக் கல்வத்திலிட்டு, கனிம எண்ணெய் வார்த்து அரைத்தால் இப்பசை கிடைக்கும். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. தூளைப் பிணைப்பதே அதன் பணி. ஒன்றையொன்று தொட்டு நிற்கும் கரித்துகள்களே மின்வழி அமைக்கின்றன. எண்ணெய் மிகுந்தால் மின்தடை உயரும். குறைந்தால் பசை உதிரும். தேய்ந்த மேற்பரப்பைத் தாளில் உரசிப் புதுப்பிக்கலாம். நொதியையும் பசையிலேயே கலந்துவிடலாம் என்பது இதன் தனிச்சிறப்பு.

நொதியை மின்முனையுடன் இணைக்கும் கருத்தை லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் 1962இல் முன்வைத்தனர். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி, குளுக்கோஸிடமிருந்து பெற்ற எலக்ட்ரான்களை ஆக்சிஜனுக்கு வழங்க, ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. பிளாட்டினத்தில் அதனை அளக்க ஏறத்தாழ 0.6 வோல்ட் தேவை. இடர்ப்பாடு இங்கேதான் எழுந்தது. அந்த மின்னழுத்தத்தில் குருதியிலுள்ள வைட்டமின் சியும் பாராசிட்டமாலும் எலக்ட்ரான்களை இழக்கும். காய்ச்சலுக்கு மாத்திரை உண்டவரின் சர்க்கரை அளவு மிகையாகத் தெரிய, அதை நம்பி அவர் கூடுதல் இன்சுலின் செலுத்திக்கொண்டால் உயிருக்கே ஊறு நேரலாம்.

1984இல் ஆக்ஸ்ஃபோர்டு, கிரான்ஃபீல்டு ஆய்வாளர்கள் ஃபெரோசீன் சேர்மம் ஒன்றைக் கிராபைட்டு மின்முனையில் ஏற்றினர். நொதியிடமிருந்து எலக்ட்ரானைப் பெற்றுக் கரியிடம் சேர்க்கும் தூதுவனாக அது செயல்பட்டது. ஆக்சிஜனைச் சார்ந்திருக்கும் நிலை தளர்ந்தது. தேவையான மின்னழுத்தமும் வெகுவாகக் குறைந்தது. 1987இல் எழுதுகோல் வடிவக் கருவி விற்பனைக்கு வந்தது.

கரிப்பசை பின்னர் மையாயிற்று. துணியில் பூ அச்சிடுவதுபோல, வலைத்திரையின் வழியே அதை நெகிழித் தகட்டில் அச்சிட்டு நறுக்குகின்றனர். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருளுக்குப் பிளாட்டினம் கட்டுபடியாகுமா? கரி மலிவானது, எளிதில் கெடாததும்கூட. நொதியோ ஈரத்தாலும் வெப்பத்தாலும் செயலிழக்கும். பட்டைக் குப்பியின் மூடியை உடனே இறுக மூடச் சொல்வது இதன்பொருட்டே.